வட்டார லான் பவுல்ஸ் லீக்: விதித்தாள் வரைவைப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்

#1 பாய்விரிப்பவர்

வணக்கம். எங்கள் பக்கத்தில் ஏழு கிளப்கள் சேர்ந்து அடுத்த பருவத்தில் ஒரு லீக் நடத்துவதாக முடிவாகியிருக்கிறது. "விதிகளை யார் எழுதுவது?" என்று கூட்டத்தில் கேட்டபோது நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். மறுத்துப் பேச வாய் ஒழியவில்லை. வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

இதுவரை முடிவானது இவ்வளவுதான். ஒரு மேட்சுக்கு மூன்று ரிங்க் (தரையில் ஓர் ஆட்டம் நடக்கும் நீளப் பட்டை). எல்லாமே நால்வர் அணி, ஆளுக்கு இரண்டு பவுல் (உருட்டும் பந்து), 18 எண்ட் (எல்லோரும் ஒரு திசையில் தங்கள் பவுல்களைப் போட்டு முடிப்பது ஒரு எண்ட்). சொந்தத் தரையில் ஒருமுறை, எதிரணித் தரையில் ஒருமுறை. 14 பக்கம் எழுதி முடித்திருக்கிறேன். ஜாக் (இலக்காக உருட்டிவிடும் சின்னப் பந்து) எவ்வளவு எடை இருக்க வேண்டும், பாய் (நின்று பவுல் போடும் விரிப்பு) என்ன அளவு, ரிங்க் எவ்வளவு அகலம், டச்சர் என்றால் என்ன, ஜாக் எல்லைக்கு வெளியே போனால் என்ன என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டு போகிறேன். ஆனாலும் ஏதோ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. லீக் நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள், எது குறைகிறது?

#2 பழைய ஸ்கிப்

குறைவதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த 14 பக்கத்தில் 11 பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதியதெல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டது. பாய் 600-க்கு 360 மில்லிமீட்டர், ஜாக் பாய்க்கோட்டிலிருந்து குறைந்தது 23 மீட்டர் போய் நிற்க வேண்டும், ஆட்டத்தின் போக்கில் ஜாக்கைத் தொட்ட பவுல், அதாவது டச்சர், டிட்சில் (தரையின் முனையிலுள்ள பள்ளம்) விழுந்தாலும் உயிரோடு இருக்கும், இதெல்லாம் சர்வதேச விதிப்புத்தகத்தில் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது ஒரே வரி: "இந்த லீக், உலக பவுல்ஸ் அமைப்பின் நடப்பு விதிகளின்படியும் நம் நாட்டு அமைப்பின் உள்நாட்டு விதிகளின்படியும் ஆடப்படும்." அதில் "நடப்பு" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். மேலே புத்தகம் மாறினால் உங்கள் தாளும் தானாக மாறிக்கொள்ளும். நீங்கள் கையால் பெயர்த்தெழுதி ஒரு சொல் பிசகினாலோ, ஒரே சங்கதிக்கு இரண்டு விதியாகிவிடும். தோற்கிறவர் தனக்குத் தோதானதைத்தான் தூக்கிப் பிடிப்பார்.

நீங்கள் எழுத வேண்டியது வேறு. "இதை நடத்தும் அமைப்பு முடிவு செய்துகொள்ளலாம்" என்று அந்தப் புத்தகம் நம் கையில் விட்டிருக்கிற இடங்களை எழுதுங்கள். ஆள் குறைந்தால் என்ன, மழை வந்தால் என்ன, இறந்த எண்டை (ஜாக் எல்லைக்கு வெளியே போனது) திரும்ப ஆடுவதா ஜாக்கைக் குறித்த இடத்தில் வைத்துத் தொடர்வதா, புள்ளி எப்படி, சமமானால் எப்படி, யார் எந்தக் கிளப்புக்கு ஆடலாம், சண்டை வந்தால் யார் தீர்ப்பது. சண்டை வருகிற இடமெல்லாம் இவைதான்.

ஒரு அனுபவம் சொல்கிறேன். ஒருமுறை வெளித்தரையில் எங்கள் அணியில் மூன்று பேர்தான் வந்து சேர்ந்தோம். லீடும் செகண்டும் (முதலாவதும் இரண்டாவதுமாகப் போடுபவர்கள்) ஆளுக்கு மூன்று பவுல் போட்டு எட்டைச் சரிக்கட்டினார்கள். உயிரைக் கொடுத்து ஆடி 17–13 என்று முடித்தோம். கைகுலுக்கும்போது எதிரணித் தலைவர், "கால் பங்கு கழிக்க வேண்டுமே" என்றார். நால்வர் ஆட்டத்தில் ஒருவர் குறைந்தால் அந்த அணியின் மொத்த ஷாட்டில் (எதிரணியின் மிக நெருங்கிய பவுலைவிட ஜாக்குக்கு அருகில் நிற்கும் ஒவ்வொரு பவுலுக்கும் ஒரு ஷாட்) கால் பங்கு போய்விடும், அது எங்கள் லீக் தாளிலும் இருந்தது. சரி, 17-ல் கால் பங்கு 4.25. மீதி 12.75. எதிரணிக்கு 13.

தோல்வியா, சமனா? பின்னத்தை முழுமையாக்குவதா கூடாதா என்று எங்கள் தாளில் ஒரு சொல்கூட இல்லை. வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு முக்கால் மணி நேரம் கத்தினோம். கால் ஷாட்டுக்காகப் பேச்சுவார்த்தையே நின்றுபோன இரண்டு பேர் எனக்குத் தெரியும், அதில் ஒருவன் நான். தாளில் "பின்னங்கள் அப்படியே கணக்கில் கொள்ளப்படும்" என்று மூன்று நான்கு சொல் இருந்திருந்தால் இந்தச் சண்டையே இல்லை.

#3 சுண்ணக்கட்டி

14 பக்கமா? அதில் சுண்ணக்கட்டி யார் கொண்டுவர வேண்டும் என்று இருக்கிறதா? நான் போகிற கிளப்பில் டச்சர் குறிக்கிற நேரத்தில் யார் பாக்கெட்டிலும் சுண்ணக்கட்டி இருக்காது. இருந்தாலும் அது துவைத்த சட்டையில் இருக்கும்.

#4 கூட்டல்கழித்தல்

புள்ளிக் கணக்கை மட்டும் நான் பேசுகிறேன், மற்றதை அனுபவசாலிகள் பார்த்துக்கொள்ளட்டும்.

பொதுவாகப் பல லீக்குகளில் ஜெயித்த ரிங்குக்கு ஒரு புள்ளி, மொத்த ஷாட் கூடுதலாக எடுத்த கிளப்புக்கு ஒரு புள்ளி என்று இரண்டும் கலந்திருக்கும். கேள்வி, எதற்கு எவ்வளவு எடை? ஒரு மேட்சைக் கற்பனை செய்து பாருங்கள்.

முதல் ரிங்க்: அ கிளப் 17, ஆ கிளப் 18.
இரண்டாவது: அ 15, ஆ 16.
மூன்றாவது: அ 28, ஆ 9.

ரிங்கில் ஆ கிளப் இரண்டுக்கு ஒன்று முன்னால். மொத்த ஷாட்டில் அ கிளப் 60–43. ரிங்குக்கு 2, மொத்தத்துக்கு 4 என்று வைத்தால் அ-வுக்கு 6, ஆ-வுக்கு 4. மொத்தத்துக்கு 2 என்று குறைத்தால் 4–4. மொத்தத்துக்கு ஒன்றுமே இல்லை என்றால் ஆ 4, அ 2. அதே நாள், அதே பவுல், மூன்று விதமான முடிவு.

எனக்கு 2-ம் 4-ம் பிடிக்கும். இரண்டு ரிங்கில் தோற்றது தெரிந்துவிட்டால் மூன்றாவது ரிங்கில் இருப்பவர்கள் பிறகு கடனுக்கு ஆடுவார்கள். மொத்தத்துக்கு எடை இருந்தால் 20 ஷாட் பின்தங்கியவர்கூடக் கடைசி எண்டில் ஒரு ஷாட்டைக் காப்பாற்றப் பார்ப்பார். தன் ஒரு ஷாட் பக்கத்து ரிங்க்காரருக்கு உதவும் என்று தெரியுமல்லவா?

பருவ முடிவில் புள்ளி சமமானால் ஷாட் வித்தியாசமா, எடுத்த ஷாட்டைக் கொடுத்த ஷாட்டால் வகுப்பதா என்று இப்போதே முடிவெடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கிளப்பும் ஒரே எண்ணிக்கையில் ஆடினால் வித்தியாசமே போதும், கூட்டத்தில் எல்லோருக்கும் மனக்கணக்காய் வரும். எப்படியானாலும் முதல் மேட்சுக்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள். அட்டவணையைப் பார்த்தபின் யாருக்கும் நடுநிலை வராது.

#5 பாய்விரிப்பவர்

கிழித்துவிட்டேன். 11 இல்லை, 12 பக்கம் போனது. அந்த 12.75 கதையை எங்கள் கூட்டத்தில் சொல்லலாமா ஐயா? பெயர் சொல்ல மாட்டேன்.

இன்னொரு சந்தேகம். ஏழு கிளப் என்பது ஒற்றைப்படை. ஒரு கிளப் எப்போதும் சும்மா இருக்குமே, அதற்குப் புள்ளி தர வேண்டுமா?

#6 ரிங்க்நாலு

நான் சின்னக் கிளப்காரன், மொத்தமே பதினெட்டு உறுப்பினர். மேட்சுக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும் என்றால் எங்களுக்கு ஒவ்வொரு வாரமும் அது பெரிய பாடு. ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குப் பேத்தி பிறந்தநாள், இன்னொருவர் சொல்லாமலே வரமாட்டார். எனவே #2, #4 இரண்டுக்கும் என் மறுப்பு.

கூட்டல்கழித்தல் அவர்களே, உங்கள் மூன்றாவது ரிங்க் 28–9 ஆனது எப்படி? பெரிய கிளப் தன் நல்ல நான்கு பேரை ஒரே ரிங்கில் போட்டு எங்கள் பலவீனமான ரிங்கை நசுக்கியிருக்கும். இரண்டு ரிங்கில் நாங்கள் ஒரு ஷாட்டில் போராடி ஜெயித்தது ஒன்றுமில்லாமல் போகிறது.

அப்புறம் அந்தக் கால் பங்கு. ஒருவர் வராததற்கு வந்த மூன்று பேரைத் தண்டிக்கிறீர்கள். ஏற்கெனவே நான்காவது மூளை இல்லாமல் ஆடுகிறோம், லீடுக்கு மூன்று பவுல் என்பதால் அவர் தாளமே கெட்டுப்போகிறது. அதற்கு மேல் கால் பங்கும் போனால் அடுத்த வாரம் அந்த மூன்று பேரில் ஒருவரும் வரமாட்டார். மேட்ச் நடக்கும் கிளப்பில் சும்மா நிற்பவர் ஒருவரைக் கடன் வாங்கிக்கொள்ள விடுங்கள். எல்லோரும் ஆட வந்தவர்கள்தானே?

#7 பழைய ஸ்கிப்

ரிங்க்நாலு தம்பி, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் கடன் வாங்குவதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சும்மா நிற்பவர் யார் என்பது முக்கியம். ஒரு கிளப்பில் நாட்டளவில் ஆடியவர் ஒருவர் "தற்செயலாக" வந்து நிற்பார், எதிரணிக்கு அன்றைக்கு ஆள் குறையும். பருவத்துக்கு இரண்டு தடவை இப்படித் தற்செயல் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் அவர் ஸ்கிப்பாகத்தான் (கடைசியாகப் போட்டு அணியை வழிநடத்துபவர்) நின்றார்.

கால் பங்கு கொடுமைதான். ஆனால் அது இல்லையென்றால் மூன்று நல்லவர்கள் வேண்டுமென்றே நான்காமவரை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள். நம்ப முடியவில்லையா? நல்ல லீடுக்கும் நல்ல செகண்டுக்கும் மூன்று பவுல் கிடைப்பது பாதகமில்லை. நான்காவது ஆள் பலவீனமானவர் என்றால் அவர் வராமலிருப்பதே லாபம்.

#8 பாய்விரிப்பவர்

கடன் வாங்கியவர் லீடாக மட்டும்தான் ஆடலாம் என்று வைத்தால்? ஸ்கிப்பாக நிற்க முடியாது, கடைசி பவுல் அவர் கையில் இருக்காது.

#9 பழைய ஸ்கிப்

அது ஓரளவு ஒத்துக்கொள்ளக்கூடியது. மேலே போக யோசிக்கிறேன். லீட் எளிய இடம் என்று நினைக்காதீர்கள், பாய் விரித்து ஜாக்கை ஸ்கிப் கேட்ட நீளத்துக்கு உருட்டுகிறவர் அவர்தான். ஆனாலும் தீங்கு குறைவு.

#10 மழைக்கணக்கு

யாரும் இன்னும் மழையைத் தொடவில்லையே? எழுத வேண்டியதில் பாதி இதுதான்.

அடிப்படை விதி தெளிவானது. வானிலையால் ஆட்டம் நின்றால் நின்ற ஷாட்டிலிருந்தே பிறகு தொடர வேண்டும், முடியாத எண்ட் கணக்கில் வராது. தனிநபர் போட்டிக்கு அது போதும். லீக்கில் மூன்று ரிங்க் ஒரே நேரத்தில் ஓடுகிறது, மூன்றும் மூன்று வேகத்தில் போகும். அங்கேதான் சிக்கல்.

எங்கள் பழைய தாளில் "ஒவ்வொரு ரிங்கிலும் 12 எண்ட் முடிந்திருந்தால் முடிவு செல்லும், இல்லையென்றால் மேட்ச் இன்னொரு நாள்" என்று இருந்தது. படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஒரு நாள் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ரிங்க் ஒன்றும் இரண்டும் 13 எண்ட் முடித்துவிட்டன. மூன்றாவது ரிங்க் 11-ல் நின்றது. மொத்தத்தில் நாங்கள் 14 ஷாட் முன்னால். மூன்றாவது ரிங்கில் எதிரணி ஸ்கிப் திடீரென்று மிகவும் கவனமான மனிதராகிவிட்டார். ஒவ்வொரு பவுலுக்கும் பாயிலிருந்து ஹெட் (ஜாக்கும் அதைச் சுற்றி நிற்கும் பவுல்களும்) வரை நடந்துபோய்ப் பார்த்தார், திரும்பி வந்தார், மறுபடி போனார். கண்ணாலேயே தெரிகிற ஷாட்டுக்கு அளவுக் கயிறு கேட்டார். எண்டுக்கு ஒருமுறை ஷூ நாடாவைக் கட்டினார், அதுவும் இரண்டு காலுக்கும். எங்கள் ஆட்கள் பாயை விரித்து ஜாக்கைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றார்கள். 12-வது எண்டில் கடைசி இரண்டு பவுல் பாக்கி இருக்கும்போது கொட்டியது. மேட்ச் ரத்து. 14 ஷாட்டும் மழையோடு போனது.

அவரைத் திட்டிப் பயனில்லை, விதி அவருக்கு அந்த ஆயுதத்தைக் கையில் கொடுத்திருந்தது. அடுத்த வருடம் மாற்றினோம். மூன்று ரிங்க், ஆளுக்கு 18 என்றால் மொத்தம் 54 எண்ட். அதில் 36 முடிந்திருந்தால் முடிவு செல்லும். அன்றைய கணக்கைப் போட்டுப் பாருங்கள், 13, 13, 11, மொத்தம் 37. ஷூ நாடா கட்டியும் பயனிருந்திருக்காது. ஒரு ரிங்கின் கையில் மொத்த மேட்சின் கழுத்து இல்லை என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

ஆட்டத்தை நிறுத்துவது யார்? இரண்டு கிளப் தலைவர்களும் சேர்ந்து. அவர்களுக்குள் ஒத்துவராவிட்டால் தரைப் பராமரிப்பாளர் சொல்வதே முடிவு. தேங்கிய தண்ணீரில் இருபத்துநான்கு ஜோடிக் கால் நடந்தால் அந்தத் தரை என்னவாகும் என்று அவருக்குத்தான் தெரியும். மின்னல் வந்தால் ஓட்டெடுப்பே கிடையாது, உடனே எல்லோரும் உள்ளே.

#11 கூட்டல்கழித்தல்

மொத்த எண்ட் யோசனை அருமை. என் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன்.

ஒற்றைப்படைக் கேள்விக்கு வருகிறேன். ஏழோடு "யாருமில்லை" என்று எட்டாவதாக ஒரு கிளப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை நிலையாக வைத்து மற்ற ஏழையும் வட்டமாகச் சுழற்றினால் ஏழு சுற்றில் எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை ஆடியிருப்பார்கள். சுற்றுக்கு மூன்று மேட்ச், ஒரு கிளப்புக்கு ஓய்வு. இரண்டு பாதிக்கும் சேர்த்து 14 சுற்று, 42 மேட்ச். ஒவ்வொரு கிளப்பும் 12 ஆடும், இரண்டு வாரம் ஓய்வு.

ஓய்வுக்குப் புள்ளி வேண்டாம். எல்லோருக்கும் அதே இரண்டு ஓய்வு, கடைசியில் சமமாகிவிடும். பருவ நடுவில் அட்டவணை கொஞ்சம் கோணலாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு கிளப் பாதியில் விலகினால்? அதற்கு விதி வேண்டும். பாதி மேட்சுக்குக் குறைவாக ஆடியிருந்தால் அதன் எல்லா முடிவுகளையும் அழித்துவிடுங்கள். பாதிக்கு மேல் ஆடியிருந்தால் ஆடியது இருக்கட்டும், மீதியை எதிரணிக்குக் கொடுத்துவிடுங்கள்.

வராத ரிங்குக்கு எத்தனை ஷாட் என்பதையும் எழுதுங்கள். சில இடங்களில் எண்டுக்கு ஒன்று வீதம் 18–0 கொடுக்கிறார்கள். எனக்கு அது அதிகம் என்று படுகிறது. மொத்தத்துக்கு 4 புள்ளி என்றால் அந்த 18 ஷாட்டிலேயே மேட்ச் முடிந்துபோகும். 10–0 போதும்.

#12 புதுக்கை

ஆறு மாதமாகத்தான் ஆடுகிறேன், தப்பாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளப்பின் தரையும் ஒவ்வொரு வேகமாக இருக்கிறதே, அதற்கு விதி வைக்க முடியாதா? போன வாரம் ஒரு தரையில் "இது 10 வினாடித் தரை" என்றார்கள். வினாடி குறைவு, வேகமான தரை என்று நினைத்து மெதுவாகப் போட்டேன், பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது.

#13 பழைய ஸ்கிப்

எல்லோரும் முதலில் இதில் ஏமாறுவோம். பாய்க்கோட்டிலிருந்து 27 மீட்டரில் போய் நிற்கிற பவுலுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்பதுதான் அந்த எண். கூடுதல் வினாடி என்றால் வேகமான தரை. தலைகீழாகத் தெரிகிறதா? மெதுவான தரையில் அதே தூரம் போக நீங்கள் பலமாகத் தள்ள வேண்டும், பவுல் சீக்கிரம் போய்ச் சேர்ந்து சட்டென்று நிற்கும். வேகமான தரையில் லேசாக விட்டாலே போதும், அது பதினைந்து பதினாறு வினாடி ஊர்ந்துகொண்டே போகும், அகலமாக வளையவும் செய்யும்.

அதற்கு விதி வைக்க முடியாது, தரை மண்ணும் புல்லும். அந்தத் தரை நமக்குப் புதிது என்பதுதான் வெளித்தரையில் ஆடுவதன் ருசி. ஆனால் வருகிற அணிக்கு இரண்டு காரியம் செய்து தரலாம். ஒவ்வொரு திசையிலும் ஒன்றாக இரண்டு சோதனை எண்ட் குறையாமல் நடக்க வேண்டும், "நேரமாகிவிட்டது, நேராகத் தொடங்கலாம்" என்று யாரும் சொல்லக்கூடாது. அப்புறம் எந்த அணி எந்த ரிங்கில் என்பதைச் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும், சீட்டை எடுப்பது வந்தவர்கள். ஓரத்து ரிங்கில் பவுல் எங்கே திரும்பும் என்று சொந்தக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த இடங்கள் உண்டு.

#14 சுண்ணக்கட்டி

புதுக்கை, இதற்கெல்லாம் மனம் தளராதீர்கள். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இந்தியாவின் லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்கி நால்வரும் தென்னாப்பிரிக்காவை 17–10 என்று வென்று தங்கம் எடுத்தார்களே, அதற்கு முன் அந்த விளையாட்டின் பெயரையே கேள்விப்படாதவர்கள்தான் எங்கள் வீட்டில் எல்லோரும். அன்று ராத்திரி என் அம்மா, "அந்தப் பந்து ஏன் நேராகப் போகாமல் கோணலாகப் போகிறது, ஓட்டையா?" என்று கேட்டார். பயஸ் (பவுல் ஒரு பக்கமாக வளைந்து போகும்படியான அமைப்பு) என்றால் என்ன என்று நான் பத்து நிமிடம் விளக்கினேன். "அதாவது ஓட்டை" என்றார்.

#15 கைத்துணை

உங்கள் தாளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன். எனக்கு முதுகு வளையாது. மூன்று வருடமாகப் பவுலிங் ஆர்ம் வைத்துத்தான் ஆடுகிறேன், நீளமான கைப்பிடி, முனையில் பவுலைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் கிளப்பில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு லீக் மேட்சில் மட்டும், நான் இரண்டு பவுல் ஜாக்குக்குப் பக்கத்தில் நிறுத்தியபின் எதிரணித் தேர்டு (மூன்றாவதாகப் போடுபவர்) வந்து, "இதற்கு அனுமதி இருக்கிறதா?" என்று கேட்டார். முதல் எண்டில் கேட்கவில்லை, ஏழாவது எண்டில் கேட்டார். கூட்டமாக நின்று பேசினார்கள், நான் கைப்பிடியை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"துணைக் கருவிகளும் சக்கர நாற்காலியும் இந்த லீக்கில் அனுமதிக்கப்படும், பருவத் தொடக்கத்தில் கிளப் பெயர் கொடுத்தால் போதும்" என்று எழுதிவிடுங்கள். அன்றைக்கு அன்றைக்கு யாரும் என்னைப் பற்றிப் பேச வேண்டாம்.

#16 பாய்விரிப்பவர்

சேர்த்துவிட்டேன். முதல் பக்கத்திலேயே வருகிறது.

#17 ஸ்கோர்கார்டு

தாமதமாக வருகிறேன், என் பெயருக்கேற்ற விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

லீக்கில் நடுநிலை நடுவர் கிடைக்க மாட்டார். ஒவ்வொரு ரிங்கிலும் இரண்டு அட்டை இருக்கும், இரண்டு அணியும் தனித்தனியே எழுதும். எண்டுக்கு எண்ட் ஒப்பிடாவிட்டால் கடைசியில் ஒன்றில் 15 இருக்கும், இன்னொன்றில் 16. எந்த எண்டில் பிசகியது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஈரக் கையில் பென்சில் எழுத்து வேறு அழிந்து 1-ம் 7-ம் ஒன்றாகிவிடும். எனவே ஒவ்வொரு எண்ட் முடிவிலும் இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதியாகவே இருக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் இரண்டு ஸ்கிப்பும் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு கூட்டல் தப்பை மட்டும் திருத்தலாம், எண்டின் ஷாட்டைத் திருத்த முடியாது.

அளப்பதில் இரண்டு தேர்டும் ஒத்துப்போகாவிட்டால்? மேட்ச் நடத்தும் கிளப் அன்றைக்கு ஆடாத ஒருவரை அளவாளராக முன்கூட்டியே பெயர் சொல்லி வைக்க வேண்டும். சொந்தக் கிளப்காரர்தானே என்று சந்தேகம் வரும். வரட்டும், கயிறு பொய் சொல்லாது, இரண்டு பக்கமும் நின்று பார்க்கலாம்.

புகார் என்றால் 48 மணி நேரத்துக்குள், எழுத்தில், அட்டையின் படத்தோடு. குழுவில் சம்பந்தப்பட்ட இரண்டு கிளப்காரர்களும் அன்றைக்கு வெளியே உட்கார வேண்டும். வாய்வழிப் புகாரை ஏற்காதீர்கள். எழுதச் சொன்னாலே பாதிப் புகார் ஆவியாகிவிடும்.

#18 மழைக்கணக்கு

எழுதச் சொன்னால் ஆவியாகிறது என்பது நூற்றுக்கு நூறு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், இறந்த எண்ட். ஜாக் ரிங்கின் பக்க எல்லையைத் தாண்டினால் எண்டைத் திரும்ப ஆடலாம், அல்லது ஜாக்கைக் குறித்த இடத்தில் வைத்துத் தொடரலாம். லீக்குக்குத் தொடர்வதே நல்லது. ஐந்து ஷாட் கீழே இருக்கிற ஸ்கிப் வேகமாக அடித்து ஜாக்கை வெளியே தள்ளி எண்டைக் கொல்வதும், அதை நான்கு முறை திரும்ப ஆடுவதும், இருட்டுவதும் எல்லாம் பார்த்தாகிவிட்டது.

#19 பழைய ஸ்கிப்

இதில் நான் எதிர்க்கட்சி. தோற்கிற எண்டைக் கொல்வதும் ஒரு திறமை, அந்த அடி எல்லோருக்கும் வராது. ஆனால் ஒரு மாலையில் 54 எண்ட் முடிக்க வேண்டிய லீக் என்பதால் வாயை மூடிக்கொள்கிறேன்.

#20 பாய்விரிப்பவர்

இரண்டு இரவு உட்கார்ந்து எழுதினேன், மொத்தம் மூன்று பக்கம். சண்டை வந்த இடங்களை மட்டும் இங்கே போடுகிறேன், கல்லெறியுங்கள்.

புள்ளி: ரிங்க் வெற்றிக்கு 2, சமனுக்கு 1. மொத்த ஷாட்டுக்கு 3, சமமானால் ஆளுக்கு ஒன்றரை. (ரிங்க்நாலு, உங்களுக்காக 4-ஐ 3 ஆக்கினேன். கூட்டல்கழித்தல் சொன்ன மேட்சில் அ-வுக்கு 5, ஆ-வுக்கு 4.)

மழை: 54-ல் 36 எண்ட் முடிந்தால் முடிவு செல்லும். இல்லையென்றால் நின்ற இடத்திலிருந்து இன்னொரு நாள்.

ஆள் குறைவு: ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஒருவர் இல்லையென்றால், மேட்ச் நடத்தும் கிளப்பில் அன்று ஆடாத ஒருவரைக் கடன் வாங்கலாம். அவர் லீடாக மட்டுமே ஆடலாம், கழிவு கிடையாது. கடன் ஆள் கிடைக்காவிட்டால் மூவர், மொத்த ஷாட்டில் கால் பங்கு கழியும், பின்னங்கள் அப்படியே கணக்கில் கொள்ளப்படும். ஒரே கிளப் பருவத்தில் மூன்று முறைக்கு மேல் கடன் வாங்க முடியாது.

சுண்ணக்கட்டி: ரிங்குக்கு ஒன்று வீதம் மேட்ச் நடத்தும் கிளப் தர வேண்டும். இது கேலியில்லை, தாளில் இருக்கிறது.

#21 ரிங்க்நாலு

மூன்று முறை போதாது, ஆனாலும் சண்டை போடவில்லை. ஒரே ஒரு ஓட்டை. மூன்று பேரோடு தொடங்கிவிட்டோம், நான்காமவர் நான்காவது எண்ட் முடியும்போது மூச்சிரைக்க வருகிறார். பேருந்து தாமதம். அவர் ஆடலாமா? ஆடினால் கால் பங்கு போகுமா?

#22 பாய்விரிப்பவர்

இதை யோசிக்கவே இல்லை.

#23 பழைய ஸ்கிப்

எண்ட் முடிந்த இடைவெளியில் சேரட்டும். கழிவு, மூன்று பேர் ஆடிய எண்டுகளின் ஷாட்டில் மட்டும். நான்கு எண்டில் 6 ஷாட் எடுத்திருந்தால் ஒன்றரை போகும், மீதியெல்லாம் முழுசாக இருக்கும். எனக்கு அன்றைக்கு இப்படி ஒரு விதி இருந்திருந்தால்... சரி, எங்கள் நான்காமவர் அன்றைக்குக் கடைசி வரை வரவே இல்லை, அது வேறு கதை.

#24 ரிங்க்நாலு

வந்தவர் எந்த இடத்தில் ஆடுவார்? ஸ்கிப்பாகவா?

#25 பழைய ஸ்கிப்

தாமதமாக வந்தவர் லீட். பாயைத் தூக்கிக்கொண்டு ஓடட்டும்.

#26 பாய்விரிப்பவர்

எழுதிவிட்டேன். கூட்டம் வியாழக்கிழமை. இந்த முறை தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.